பேச்சியும் மிருகங்களும்: நெல்லைச் சீமையில் இளையோர் மிகுபுனைவு எழுத நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரிப் பக்கம் பிள்ளைகளோடும் டீச்சர்களோடும் கதை எழுதுவது பற்றிப் பேசப் போகிற இடத்திலெல்லாம், மிருகங்களோடு உறவாடுகிற ஒரு பெண்ணை வைத்து மிகுபுனைவு, அதாவது பேண்டஸி, நாவல் எழுதணும் என்று யாராவது ஒருத்தர் வந்து நிற்கிறார். கேட்கிற சந்தேகங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்கிற பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒருத்தி வேண்டும் என்பதால் பேச்சி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வயது 13. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வீடு, அம்மா சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள், அப்பா ஏத்தன் வாழை போட்டிருக்கிறார், ஆச்சி ரெண்டு ஆடு வளர்க்கிறாள்.

இளையோர் நாவல்னா சிறுவர் கதைதானே? என்ன வித்தியாசம்?

படிக்கிறவரின் வயது ஒரு வித்தியாசம், 12லிருந்து 18 வரை என்று தோராயமாகச் சொல்லலாம். அதைவிட முக்கியம், முடிவை யார் எடுக்கிறார்கள் என்பது. சிறுவர் கதையில் காக்கா பேசும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கடைசியில் பெரியவர் ஒருத்தர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். இளையோர் நாவலில் காக்கா பேசினால், அது ஏன் பேச்சிக்கு மட்டும் கேட்கிறது, அதை அவள் யாரிடம் சொல்வாள், சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று வாசகர் கேட்டுக்கொண்டே வருவார். தப்பான முடிவை அவளே எடுப்பாள், அதன் பின்விளைவையும் அவளேதான் சுமக்க வேண்டும்.

மிகுபுனைவுன்னா டிராகன், கோட்டை, பனி எல்லாம் வேணும்ல? நம்ம ஊர்ல அதுக்கு எங்க போறது?

வேண்டாம். தாமிரபரணியைப் பாருங்கள். பொதிகையில் மழைக்காட்டுக்குள் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கி, வயலும் குளமுமாக ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது, மொத்தம் சுமார் 128 கிலோமீட்டர்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அட்டை கடிக்கிற சோலைக்காடு, வாழைத்தோட்டம், பனங்காடு, வறண்ட பொட்டல், உவரித் தண்ணி எல்லாம் வந்துவிடும். ஆற்றை விட்டுக் கொஞ்சம் தெற்கே போனால் திசையன்விளைப் பக்கம் சிவப்பு மணல் தேரி. மேலே காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ராதாபுரத்துப் பக்கம் காற்றாலை சுற்றுகிற வெயிலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். வேறொரு உலகம் படைக்க இதைவிட என்ன வேண்டும்? பேச்சி ஆற்றோடு கீழே போனால் போதும், ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேறு மிருகம், வேறு நிலம்.

எந்த மிருகத்த எடுக்கலாம்? புலி, யானைன்னு எடுத்தாத்தான கெத்தா இருக்கும்?

புலி நம் பக்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. களக்காடு முண்டந்துறை 1988ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆனால் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், புலியை நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அவர்கள் பார்த்தது கரடி, பன்றி, மிளா (கடமான்), மயில், குரங்கு, எப்போதாவது சிறுத்தை. நீங்கள் பார்க்காததை எழுதினால் டிவியில் பார்த்த புலிதான் பேப்பரில் வரும்.

என் யோசனை, வீட்டிலிருந்து தொடங்குங்கள். பேச்சியின் ஆச்சி வைத்திருப்பது கன்னி ஆடு என்று வையுங்கள், நம் பக்கத்து இனம், உடம்பு கறுப்பு, முகத்தில் ரெண்டு பக்கமும் மேலிருந்து கீழே ஒரு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. பக்கத்தில் உட்கார்ந்து அதன் கண்ணைப் பாருங்கள், கண்மணி நம்மைப் போல வட்டமாக இருக்காது, படுக்கை வசத்தில் கோடு போட்ட மாதிரி இருக்கும், அதனால் தலையைத் திருப்பாமலே ரெண்டு பக்கமும் வெகுதூரம் பார்க்கும். குட்டி போட்ட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நக்கி நக்கி மோந்து வைத்துக்கொள்கிற வாசனையில்தான் தாய் தன் குட்டியை அறிகிறது. அந்த வாசனை இல்லாத குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளிவிடும்.

இதிலேயே ஒரு நாவலுக்கான விதை இருக்கிறது. குட்டி பிறந்த ராத்திரி ஆச்சிக்கு உடம்பு சரியில்லை, பேச்சிதான் தொழுவில் தனியாக இருந்தாள், ஆடு குட்டியை நக்கியபோது அவள் கையையும் சேர்த்து நக்கிவிட்டது. மறுநாள் காலையிலிருந்து அந்த ஆட்டுக்கு ரெண்டு பிள்ளைகள். புலியை வைத்து இவ்வளவு பக்கத்தில் போக உங்களால் முடியுமா?

அவ மிருகத்தோட பேசணுமா? பேசினா தமிழ்லயா பேசும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிருகம் வாயைத் திறந்து நம்மைப் போல வாக்கியம் பேச ஆரம்பித்ததும் அது மிருகத்தோல் போர்த்திய மனுஷன் ஆகிவிடுகிறது, என்னைக் கேட்டால் அதோடு கதையின் பாதி சுவாரசியம் போய்விட்டது. பேச்சுக்குப் பதில் புலன்களைக் கொடுங்கள். பேச்சிக்கு அந்த மிருகத்தின் மூக்கு, காது, தோல் கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கட்டும்.

ஒரு துண்டு எழுதிக் காட்டுகிறேன். நடு மத்தியானம், பேச்சி தெரு நாயின் முதுகில் கை வைத்திருக்கிறாள்: "தெருவில் ஆளே இல்லை, ஆனால் தெரு நிறைய ஆட்கள். காலையில் பால் ஊற்றிவிட்டுப் போன தாத்தா இன்னும் திண்ணையோரம் இருந்தார், கொஞ்சம் மங்கலாக. மீன்காரர் சைக்கிள் நின்ற இடம் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா மடியில் சொளவு, சொளவில் புகையிலை, அந்தப் பக்கம் திரும்பினாலே மூக்கு எரிந்தது. வேலியோரம் நேற்று ராத்திரி வந்து போனது எது என்று பேச்சிக்குத் தெரியவில்லை. நாய்க்குத் தெரிந்தது. பேச்சியின் பிடரி சிலிர்த்தது." ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் நாய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு மிருகத்துக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. யானை நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கிற யானையோடு தொடர்பு வைத்திருக்கும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக ஏறும். தேனீக்கு நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா நிறம் தெரியும். செந்நாய் விசில் அடித்துக் கூட்டத்தைச் சேர்க்கும். சிறுத்தை நடமாடினால் மேலே கருமந்தி கத்தும், கீழே மிளா காலைத் தரையில் அறைந்து உரக்க ஒரு சத்தம் கொடுக்கும், அதைக் கேட்டு மற்றதெல்லாம் தலை தூக்கும். காட்டுக்குள் ஏற்கெனவே செய்தி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சிக்கு நீங்கள் புதிதாகக் கொடுக்க வேண்டியது அதைக் கேட்கிற காது.

அந்தச் சக்தி எப்படி வந்துச்சுன்னு சொல்லியே ஆகணுமா?

முழுசாகச் சொல்ல வேண்டாம். மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினால் வாசகர் நகர்ந்துவிடுவார். ஆட்டுக்குட்டி பிறந்த ராத்திரி போல ஒரே ஒரு சம்பவம் போதும். ஆச்சிக்கும் சின்ன வயதில் இது இருந்ததோ என்று நடுவில் ஒரு சந்தேகம் வைக்கலாம், வைத்தால் அதை எங்காவது ஒரு இடத்தில் தீர்க்கவும் வேண்டும்.

சக்திக்கு ஒரு விலை இருக்கணும்னு சொல்றாங்க. என்ன விலை வைக்கலாம்?

தலைவலி, மூக்கில் ரத்தம் எல்லாம் வேண்டாம், நிறைய பேர் எழுதிவிட்டார்கள். விலை சக்தியிலிருந்தே பிறக்கணும். நாயின் மூக்கை வாங்கியவளுக்கு அம்மாவின் பீடிச் சொளவுப் பக்கத்தில் உட்கார முடியாமல் போகிறது. அதுவரைக்கும் தினமும் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள், நடுவில் பீடி முனையை மடக்கிக் கொடுப்பாள். இப்போது தள்ளிப் போய் உட்காருகிறாள், ஏன் என்று சொல்லவும் முடியவில்லை, அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள். பீடி சுற்றுவது கேவலம் என்று பிள்ளைக்குப் பட்டுவிட்டதோ என்று அவளுக்கு வருத்தம். இப்படி ஒரு விலை வைத்தால் கதை தானாக வீட்டுக்குள் நுழையும்.

இன்னொரு பெரிய விலை இருக்கிறது, கோயில் கொடையில் கிடா வெட்டு. அது தனிக் கேள்வியாகக் கீழே வருகிறது.

பேண்டஸிதான, உண்மைத் தகவல் கொஞ்சம் தப்பா இருந்தா என்ன?

நீங்கள் தெரிந்தே உடைக்கிற விதி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், பேச்சிக்கு மிருகத்தின் புலன் கிடைக்கிறது என்பது. மற்றதெல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த ஒன்றை வாசகர் நம்புவார். அடிவாரத்துப் பிள்ளை ஒன்று உங்கள் நாவலைப் படித்து, "எங்க ஊர்ல மயிலு இப்பிடி இருக்காதே" என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

அடிக்கடி பார்க்கிற தப்புகளைச் சொல்கிறேன். பாம்பு பால் குடிப்பது, மகுடிக்கு மயங்குவது. ஆண் மயில் வருஷம் முழுக்க நீளத் தோகையோடு திரிவது, இணைசேரும் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும், பிறகுதான் வளரும். பெண் யானைக்கு நீளத் தந்தம் வைப்பது, நம் நாட்டு யானைகளில் அது ஆணுக்குத்தான், ஆணிலும் எல்லாவற்றுக்கும் இருக்காது. யானைக் கூட்டத்துக்குக் கொம்பன் தலைவன் என்று எழுதுவது, நடத்திப் போவது வயதான பெண் யானை. பொதிகைக் காட்டில் ஓநாய் ஊளை, அந்த இடத்தில் வர வேண்டியது செந்நாய், அது ஊளையிடாது, விசில் அடிக்கும் என்று மேலேயே சொன்னேன்.

அப்புறம் பாபநாசத்தில் படித்துறையில் தேங்காய் பிடுங்குகிற குரங்கைச் சிங்கவால் குரங்கு என்று எழுதுவது. அது நாட்டுக்குரங்கு. சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது, மழைக்காட்டு மரத்து உச்சியில் வெடிப்பலா தின்றுகொண்டிருக்கும், தரைக்கு வருவதே அபூர்வம். அதைச் சந்திக்கப் பேச்சி மேலே ஏற வேண்டும், அது அவளைத் தேடி வராது. பாருங்கள், தகவலைச் சரிபார்த்ததால் ஒரு அத்தியாயமே கிடைத்துவிட்டது.

இருவாச்சியும் அப்படித்தான். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னக் கீறல் மட்டும் திறந்திருக்கும், அது வழியாக ஆண் பழம் ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி? இதை யாரும் கற்பனை செய்து எழுத வேண்டியதில்லை, காட்டில் அப்படியே இருக்கிறது.

வட்டார வழக்குல எழுதலாமா? மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாதேன்னு பயமா இருக்கு.

கதை சொல்கிற குரல் பொதுத் தமிழிலும் ஆட்கள் பேசுவது நம் பேச்சிலும் இருக்கட்டும். "அப்பா வந்துட்டாவ", "எங்கட்டி போற", "பைய நடல" என்று வந்தால் கோயம்புத்தூர்க்காரருக்கும் இடம் பார்த்துப் புரியும். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். பேச்சியை அவள் தோழி "ஏட்டி" என்பாள், கடைக்காரரைப் பேச்சி "அண்ணாச்சி" என்பாள், ஆச்சியிடம் நீ போட்டுப் பேசுவாள், அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது "வந்தாவ, சொன்னாவ" என்பாள். வாத்தியார் பேச்சியின் அப்பாவை "வே" என்று கூப்பிட்டால் அவர்களுக்குள் என்ன பழக்கம் என்பது அந்த ஒரு எழுத்திலேயே தெரிந்துவிடும்.

மிருகங்களைக் கூப்பிடுகிற சத்தத்தையும் விடாதீர்கள். நாய்க்குத் தோ தோ, கோழிக்குப் பா பா, காக்காவுக்குக் கா கா. பேச்சிக்கு முன்னாலேயே நம் ஆட்கள் மிருகங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ராத்திரி ஒரு பொம்பளப்பிள்ளைய காட்டுக்கு அனுப்பினா யாரு நம்புவா? பேசாம பையனா மாத்திரலாமா?

மாற்றாதீர்கள். இந்தக் கேள்விக்குள்தான் உங்கள் நாவலே இருக்கிறது.

13 வயதில் நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது? நேற்று வரைக்கும் ஆட்டைப் பத்திக்கொண்டு வரப்பெல்லாம் திரிந்தவள், வாய்க்காலில் பையன்களோடு குதித்தவள். பெரிய மனுஷி ஆனதும் சடங்கு, புதுத் தாவணி, மாமன் சீர், எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதோடு வெளியே போகிற வழி ஒவ்வொன்றாக அடைபடுகிறது. அங்க போகாத, பொழுது சாஞ்சா வெளிய நிக்காத, ஆடு மேய்க்கத் தம்பி போவான். பேச்சிக்குப் புலன் திறக்கிற வருஷமும் வாசல் மூடுகிற வருஷமும் ஒன்றாக இருந்தால் கதை தானாக இறுகிவிடும். பையனை வைத்தால் இந்த இறுக்கம் கிடைக்காது, அவன் பாட்டுக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அப்படியானால் அவள் எப்படிக் காட்டுக்குப் போவாள்? முதலில் போக வேண்டாம், காடு அவளிடம் வரட்டும். சடங்கானவளை உட்கார வைத்திருக்கிற அறையில் பல்லி இருக்கும், ஓட்டு மேல் பூனை நடக்கும், ஜன்னலில் காகம் வந்து உட்காரும், காகம் ஆள் முகத்தை நன்றாக நினைவில் வைத்திருக்கும். பின்வாசலில் நாய், தொழுவில் ஆடு. அந்தப் பதினாறு நாளும் அவள் வெளியே காலடி வைக்காமலே ஊர் முழுக்கச் சுற்றி வரலாம். பிறகு ஒரு நாள் நிஜமாகவே படியைத் தாண்டும்போது அது பெரிய சம்பவமாக இருக்கும், நீங்கள் அதைச் சாதாரணமாக "காட்டுக்குப் போனாள்" என்று எழுதிவிட முடியாது. யார் பார்த்தார்கள், திரும்பி வந்தபோது அம்மா என்ன கேட்டாள், பதிலுக்குப் பொய் சொன்னாளா என்பதெல்லாம் எழுத வேண்டியிருக்கும்.

எங்க ஊர்ச் சாமியக் கதைல கொண்டு வரலாமா? சுடலை, இசக்கி, அய்யனார் எல்லாம்?

பின்னணியில் தாராளமாக வரலாம், கதாபாத்திரமாக ஆக்கும்போது யோசிக்கணும். இவர்கள் நூலில் மட்டும் இருக்கிற தெய்வங்கள் இல்லை, ஒவ்வொரு குடும்பமும் வருஷா வருஷம் கொடை கொடுக்கிற, ஆள் மேல் வந்து பேசுகிற தெய்வங்கள். உங்கள் கதையின் வசதிக்காக ஒரு இசக்கியை வில்லியாக்கினால் அது யாரோ ஒருவர் வீட்டு அம்மனைத்தான் நீங்கள் அப்படி எழுதுகிறீர்கள். நீங்களே ஒரு காவல் தெய்வத்தைப் படைத்துக்கொள்ளுங்கள், பெயர், பீடம், பிறந்த கதை, விருப்பப் படையல் உள்பட.

எப்படிப் படைப்பது என்று தெரிய, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். புலிகள் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது, ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக வந்து ஆற்றங்கரையில் தங்குவார்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல்செருப்பு காணிக்கையாகக் கிடக்கும். முத்துப்பட்டன் கதை அது, பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை ரெண்டு பேரைக் கட்டி, செருப்புத் தைத்து, மாட்டுக் கிடையைக் காவல் காத்து, மாடு திருட வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்தவன். மாட்டைக் காத்து உயிர்விட்டவன் சாமியான மண் இது. பேச்சி மிருகத்துக்காக எதையாவது இழந்தால் ஊர் அதை எப்படி நினைவில் வைக்கும் என்பதற்கு இங்கே முறை ஏற்கெனவே இருக்கிறது.

வில்லுப்பாட்டு மாதிரி நாவல எழுத முடியுமா?

முடியும், நன்றாகவே பொருந்தும். வில்லுப்பாட்டில் முன்னால் இருப்பவர் கதை சொல்லச் சொல்ல, குடமும் உடுக்கையும் தாளமும் வைத்திருக்கிறவர்கள் "ஆமா" போட்டு, கேள்வி கேட்டு, கதையை இழுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் நாவலில் அந்த ஆமா போடுகிற இடத்தை மிருகங்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவில் நாலு வரி, பேச்சி செய்ததை ஆடு எப்படி அறிந்தது, காகம் எப்படிப் பார்த்தது என்று. நாலு வரிக்கு மேல் போனால் சலிப்பு தட்டும்.

காணிக்காரங்க ஒருத்தர் வந்து அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கிற மாதிரி வெச்சிருக்கேன். சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை. காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் பாபநாசத்துக்கு மேலே நிஜமாகவே இருக்கின்றன, அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பஸ் பிடிக்கிறார்கள், போன் சிக்னல் தேடுகிறார்கள், தேனும் கிழங்கும் மிளகும் கொண்டுவந்து விற்கிறார்கள். காட்டுக்குள் திடீரென்று தோன்றி ரகசியம் சொல்லி மறைகிற தாத்தாவாக அவர்களை எழுதினால், அதே பள்ளியில் உட்கார்ந்து படிக்கிற காணிப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பேச்சியின் வகுப்பில் ஒரு காணிப் பெண்ணைத் தோழியாக வையுங்கள். அவளுக்கு எந்தச் சக்தியும் வேண்டாம். காடு அவளுக்குத் தெரியும், பேச்சிக்குத் தெரியாது, அதுவே ரெண்டு பேருக்கும் நடுவில் நிறைய சண்டையும் சிநேகமும் கொடுக்கும்.

வில்லன் வேட்டைக்காரன்தான?

வேட்டைக்காரனை வைத்தால் எழுத எளிது, அவனைப் பிடித்துக் கொடுத்ததும் கதை முடிந்துவிடும். பேச்சியின் அப்பாவை எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கி ஏத்தன் போட்டு, குலை தள்ளி, இன்னும் கொஞ்ச நாளில் வெட்ட வேண்டிய நேரத்தில் ஒரே ராத்திரியில் யானையோ பன்றியோ இறங்கி மொத்தத்தையும் சாய்த்துவிட்டுப் போகிறது. காலையில் அவர் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, கம்பியில் கரண்ட் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அது குற்றம், யானை மட்டுமில்லை, ஆளும் செத்திருக்கிறார்கள். பேச்சிக்கு அந்த யானையின் பசியும் தெரியும், அப்பாவின் கடனும் தெரியும். இதில் யாரை வில்லன் என்பீர்கள்?

சுவர் இல்லாத கிணறு, நாலு வழிச் சாலையில் ராத்திரி வேகமாக வருகிற வண்டி, சீமைக்கருவேலம் மண்டிப்போன குளம், இவையும் மிருகங்களைக் கொல்கின்றன. ஆள் முகம் இல்லாத எதிரியோடு மோதுவது பேச்சிக்குக் கஷ்டம், எழுதுகிற உங்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் அப்படி எழுதிய நாவல் மனசில் நிற்கும்.

மனுஷங்களும் மிருகங்களும் ஒத்துமையா இருக்கிற ஊரு ஒண்ண காட்டணும். கற்பனையா ஒரு ஊர் உண்டாக்கட்டுமா?

உண்டாக்குவதற்கு முன்னால் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது, ஆனால் அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை வீட்டு முற்றத்து மரத்தில், தெருவோர மரத்தில் கூடு கட்டும். எச்சம் கூரையெல்லாம் வெள்ளை அடிக்கும், மீன் நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஊர்க்காரர்கள் விரட்ட மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்க விடுவார்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்.

வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து அந்தக் குளத்துக்கு வருகிறது. மேலே ஒருத்தர் நம்ம ஊரில் பனிக்கு எங்கே போவது என்று கேட்டாரே, பனி வேண்டும் என்றால் இந்த வழியாகக் கொண்டு வாருங்கள். குளத்துக் கரையில் உட்கார்ந்து வாத்தின் தோலுக்குள் போகிற பேச்சிக்கு, வெயிலில் உட்கார்ந்தபடியே பல் கிடுகிடுக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் காய்ச்சல் என்று நினைத்துத் துண்டைப் போர்த்திவிடுவார்கள்.

அவ வீட்ல கிளி, மான் குட்டி வளக்கிற மாதிரி எழுதலாம்ல? பிள்ளைங்களுக்குப் பிடிக்குமே.

பிடிக்கும், அதனால்தான் யோசிக்கச் சொல்கிறேன். 1972ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு உயிரினங்களைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், நம் பச்சைக்கிளிக்கும் சேர்த்துத்தான். படிக்கிற பிள்ளை நாளைக்குக் கிளிக்கூண்டு கேட்டு அழும்.

மான் குட்டி விஷயம் இன்னும் மோசம். பல மான் இனங்களில் தாய் குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டுத்தான் மேயப் போகும். தனியாகக் கிடக்கிறதே, அநாதை போல என்று நல்ல மனசோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் நிஜமாகவே அநாதையாகிவிடும். இதையே கதையாக்குங்கள். பேச்சி தூக்கப் போகிறாள், தொட்ட நிமிஷத்தில் குட்டியின் மனசில் பயமே இல்லை, சும்மா இரு என்று தாய் விட்டுப்போன அமைதி மட்டும் இருக்கிறது. கையை எடுத்துவிடுகிறாள். தூக்கி வளர்க்கிற காட்சியைவிட இது எவ்வளவோ மேல்.

கொடைல கிடா வெட்டு வருது. அவளுக்கு ஆட்டோட மனசு தெரியும். இத எப்படி எழுதுறது? சாமி குத்தம்னு சண்டைக்கு வருவாங்களா?

கஷ்டமான கேள்வி, நாவலின் உச்சமும் இதுவாக இருக்கலாம். முதலில், எந்தப் பக்கத்தையும் முட்டாளாக எழுதாதீர்கள். அந்தக் கிடாவை ஆச்சி நேர்ந்துவிட்டது ஏன்? பேச்சி கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாள், பிழைத்தால் கிடா தருகிறேன் என்று ஆச்சி வேண்டிக்கொண்டாள். அந்த நேர்ச்சையை வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டு, இப்போது கொடுக்கிற முறை வந்திருக்கிறது. பேச்சியின் உயிருக்கு ஈடாகச் சொன்ன உயிர். ஆச்சியின் பக்கத்தில் பாசமும் வாக்கும் இருக்கிறது, அதைப் பேச்சியும் உணரணும்.

ரெண்டாவது, கிடாவின் வாயில் வசனம் வைக்காதீர்கள். நாலாவது கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேதான் ரொம்ப முக்கியம். கிடாவுக்குக் கொடை தெரியாது, நேர்ச்சை தெரியாது. கழுத்து மாலையில் இருக்கிற பூவைத் தின்னலாமா என்று பார்க்கும், மேளச் சத்தம் பிடிக்காது, கூட்டத்தில் பேச்சியின் வாசனையைத் தேடும். தலையில் தண்ணி தெளித்ததும் உடம்பைச் சிலுப்பும், கூட்டம் அதைச் சாமியின் உத்தரவாக எடுத்துக்கொள்ளும், பேச்சிக்கு அது வெறும் குளிர்.

காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கவும் வழி இருக்கிறது. கோயில்களில் பலியிடத் தடைபோடும் 1950ஆம் வருஷத்துச் சட்டத்தை 2003ல் தமிழ்நாட்டில் கடுமையாக அமல்படுத்தினார்கள், ஊர் ஊராக எதிர்ப்பு வந்தது, 2004ல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷத்தில் கதை நடந்தால் ஊர், அரசு, ஆச்சி, பேச்சி என்று நாலு பக்கமும் இழுக்கும். கடைசி நிமிஷத்தில் அற்புதம் நடந்து கிடா தப்பித்தது என்று மட்டும் முடிக்காதீர்கள்.

அவளுக்குப் பிடிச்ச மிருகம் செத்துப் போகலாமா? பிள்ளைங்க அழுவாங்களே.

அழட்டும். 13 வயதுக்காரிக்கும் ஆட்டுக்கும் கிடைக்கிற காலம் ஒன்றாக இருக்காது, அவள் கல்லூரிக்குப் போகும்போது அந்த நாய்க்கு வயதாகியிருக்கும். ஆனால் அழவைப்பதற்காகவே கொல்வது வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். சாவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். அந்த மூக்கு வழியாக அவள் அறிந்த தெரு இனி எப்படி இருக்கிறது? மத்தியானத்தில் ஆளில்லாத தெரு அவளுக்கு நிஜமாகவே காலியாகத் தெரிகிற முதல் நாளை எழுதுங்கள்.

கடைசில சக்தி போயிரணுமா? பெரியவளானதும் போயிருச்சுன்னு முடிக்கத்தான் நெனச்சிருக்கேன்.

அந்த முடிவு எனக்குப் பிடிப்பதில்லை. வளர்ந்தால் எல்லாம் போய்விடும் என்று அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது, நாவலும் சொல்ல வேண்டுமா? சக்தி மாறலாம். சின்ன வயதில் ஒரு மிருகத்துக்குள் முழுசாகப் போனவளுக்கு, பிறகு பல மிருகங்களின் சத்தம் சேர்ந்து ஒரு காடாகக் கேட்கலாம். அவள் கால்நடை மருத்துவம் படிக்கலாம், வனத்துறைப் பரீட்சை எழுதலாம், கல்யாணம் கட்டிப் போன ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒரு தொழுவில் நிற்கலாம். போய்த்தான் ஆகணும் என்று நீங்கள் முடிவு செய்தால், அதை அவளே விட்டுக்கொடுத்ததாக இருக்கட்டும், யாருக்காக விட்டாள் என்பதும் தெரியட்டும்.

இத மூணு பாகமா எழுதலாமா?

முதல் பாகத்தை முழுசாக முடித்து, அடிவாரத்தில் இருக்கிற ரெண்டு பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள். ஒரு பிள்ளையாவது வீட்டில் ஆடு வளர்க்கிறதாக இருக்கணும். அவர்கள் எங்கே நிறுத்தி, "இது இப்பிடி இருக்காது" என்று சொல்கிறார்களோ அந்த இடங்களைத் திருத்துங்கள். ரெண்டாவது பாகத்துக்குக் கதை இருக்கிறதா இல்லையா என்பது அந்தத் திருத்தத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.